கடலோரப் பழைய செங்கல் சுவருக்கு எந்தச் சுண்ணாம்பு வாங்குவது?

டோங்காட்_கோயில்குழு:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் எங்கள் கோயில் மண்டபத்தின் தெற்குச் சுவர் எண்பது வருடத்துக்குக் குறையாத செங்கல் கட்டு. இரண்டு வருடம் முன்பு செங்கல் இடைச் சந்துகளைச் சுரண்டி சிமெண்ட் கலவையால் நிரப்பி பாயிண்டிங் செய்தார்கள். இப்போது சிமெண்ட் கோடு அப்படியே நிற்கிறது, செங்கல் முகம்தான் செதில் செதிலாக உதிர்கிறது. ஓரமெல்லாம் உப்பு பூத்திருக்கிறது. மொத்தம் 40 சதுர மீட்டர், சந்து 10 மி.மீ. கடையில் நீற்றிய சுண்ணாம்பு மூட்டை, எம்சி 12.5 மேசன்ரி சிமெண்ட், இறக்குமதியான என்எச்எல் (தண்ணீர் பட்டு இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு) என்று மூன்றைச் சொல்கிறார்கள். எதை, எத்தனை மூட்டை வாங்கலாம்?

காரைக்கரண்டி:
மேசன்ரி சிமெண்ட் வேண்டாம். பெயர் மென்மையாகத் தெரிந்தாலும் அதுவும் சிமெண்ட்தான். சுவருக்குள் போன ஈரம் சந்து வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அந்த வழியைச் சிமெண்ட் அடைத்துவிட்டதால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறுகிறது. கடற்காற்று கொண்டுவந்த உப்பு முகத்துக்குச் சற்று உள்ளே படிகமாகி, மேல் தோலைத் தள்ளிவிடுகிறது. காரை எப்போதும் செங்கல்லைவிட பலம் குறைவாக இருக்க வேண்டும். கெட்டால் காரை கெடட்டும், அதை மாற்றிவிடலாம்.

என்எச்எல் 2, 3.5, 5 என்பது 28 நாளில் கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்த பலம், மெகாபாஸ்கலில். உங்கள் சுவருக்கு 3.5 எடுங்கள். 5 தரையை ஒட்டிய வரிசைக்கும் கைப்பிடிச் சுவருக்கும். இந்த மெத்தென்ற செங்கல்லுக்கு அது அதிகம். மூட்டையில் இஎன் 459-1 (கட்டிடச் சுண்ணாம்புக்கான ஐரோப்பியத் தரநிலை) என்றும், என்எச்எல் என்ற எழுத்தும் இருக்கிறதா பாருங்கள். எச்எல், எஃப்எல் என்ற வேறு வகைப் பெயர் போட்டிருந்தால் சிமெண்ட் கலந்திருக்கலாம், தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தயாரித்த தேதியும் முக்கியம்: ஈரக்காற்று பட்ட மூட்டை கட்டி தட்டிப் பலம் இழந்துவிடும்.

அளவு: 222 × 73 மி.மீ. செங்கல் முகத்தோடு 10 மி.மீ. சந்து என்றால் ஒரு சதுர மீட்டரில் சந்தின் பரப்பு சுமார் 16 சதவீதம். 25 மி.மீ. ஆழத்துக்கு 4 லிட்டர், சேதாரம் சேர்த்து 5. நாற்பதுக்கு 200 லிட்டர் காரை. சுண்ணாம்பு 1, மணல் 2.5 என்ற கணக்கில் மணல் 200 லிட்டர், சுண்ணாம்பு 80 லிட்டர் (மணலின் இடைவெளியில் அடங்கிவிடும்), ஏறக்குறைய 52 கிலோ. 25 கிலோ மூட்டை மூன்று போதும்.

பீனிக்ஸ்_கொத்தனார்:
அண்ணே சொன்னது சரி, ஆனால் பணம் இடித்தால் உள்ளூர் நீற்றிய சுண்ணாம்பிலும் வேலை நடக்கும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் குழைவாக்கி, சுண்ணாம்பு 2, செங்கல் பொடி 1, மணல் 5 என்று கலக்கலாம். பொடி, குறைந்த சூட்டில் சுட்ட பழைய மெத்தென்ற செங்கல்லை இடித்து மாவாகச் சலித்ததாக இருக்க வேண்டும். இப்போதைய கெட்டிச் செங்கல் பொடி சுண்ணாம்போடு வினைபுரியாது, வெறும் மணலாகக் கிடக்கும். விவசாயச் சுண்ணாம்பை மட்டும் தொடாதீர்கள். அது அரைத்த சுண்ணாம்புக்கல், பிடிக்கவே பிடிக்காது.

காரைக்கரண்டி:
வடக்குச் சுவராக இருந்தால் ஒப்புக்கொள்வேன். இது தெற்குப் பக்கம், தென்மேற்கு மழை அறையும். பொடியின் தரம் தெரியாதபோது காரை எப்போது இறுகும் என்று சொல்ல முடியாது, அதற்குள் மழை கரைத்துவிடும். உங்கள் முறையை உள்சுவரில் வைத்துக்கொள்ளலாம்.

டோங்காட்_கோயில்குழு:
நன்றி இருவருக்கும். மணல் உம்கேனி ஆற்று மணல் கிடைக்கிறது. கடற்கரை மணல் வேண்டாம் என்பது புரிகிறது. ஆற்று மணல் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பீனிக்ஸ்_கொத்தனார்:
நன்றாகக் காய்ந்த மணல் ஒரு லிட்டர் எடுத்து, மேலே தண்ணீர் தெரியும்வரை அளந்து ஊற்றுங்கள். 330 மி.லி. குடித்தால் இடைவெளி மூன்றில் ஒன்று, 1:3 போதும். 400 மி.லி. குடித்தால் 1:2.5. பருமன் 3 மி.மீ. வரை கலந்து இருக்கட்டும், எல்லாம் ஒரே அளவாக இருந்தால் காரை வெடிக்கும். கண்ணாடிப் பாட்டிலில் மணலும் தண்ணீரும் குலுக்கி ஒரு இரவு வையுங்கள். மேலே சேற்றுப் படலம் தடிமனாக நின்றால் கழுவிய மணல் கேளுங்கள்.

காரைக்கரண்டி:
பழைய சிமெண்ட்டை எடுக்கக் கிரைண்டர் கூடாது, செங்கல் விளிம்பு போய்விடும். சந்தின் நடுவே மெல்லிய துளைகளை வரிசையாகப் போட்டு, உளியால் நடுவிலிருந்து விளிம்புக்குச் சுரண்டுங்கள். ஆழம் 25 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது திரும்ப உள்ளேதான் போகும். காரை வைக்கும் முன் சந்தை நனைத்து, தண்ணீர் மினுங்காத பிறகு அழுத்தி நிரப்புங்கள். ஈரச்சாக்கு குறைந்தது ஒரு வாரம் தொங்கட்டும். டர்பன் வெயிலும் காற்றும் காரையைக் காயவைத்துவிடும், காய்வது வேறு, இறுகுவது வேறு.

இன்னொன்று: அறுபது வருடம் தாண்டிய கட்டிடத்தை மாற்ற பாரம்பரியச் சட்டப்படி அனுமதி வேண்டும். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் பாரம்பரியத் துறையான அமாஃபா அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். காத்திருக்கும் நாட்களில் ஒரு தட்டில் காரை செய்து காயவைத்து, பழைய காரையின் நிறத்தோடு ஒப்பிட்டு மணலைத் தேர்ந்துகொள்ளலாம்.