ஆபரேஷனா ஆராய்ச்சியா? இ.என்.டி. படிப்பவனின் குழப்பம்

நைட்_டியூட்டி:
எம்.எஸ். இ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை அறுவை மேற்படிப்பு) இரண்டாம் வருடம். காது கேளாமைக்கு சிகிச்சை தேடும் ஆராய்ச்சிப் பக்கம் போக ஆசை. யூனிட் சீஃபிடம் சொன்னால் "முதலில் நூறு மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் செய்யும் ஆபரேஷன்) பண்ணு, அப்புறம் பார்க்கலாம்" என்று சிரிக்கிறார். காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் வைத்து, மின்தூண்டலால் கேட்க வைக்கும் கருவி) செய்த ஆஸ்திரேலிய டாக்டர் கிரேம் கிளார்க்கும் கத்தி பிடித்தவர்தானே, பிராக்டிஸை விட்டாரா, இரண்டையும் ஓட்டினாரா?

பழைய_ஸ்டெத்:
விட்டார் தம்பி. மெல்பர்னில் பார்த்த வேலையை விட்டுவிட்டு சிட்னிக்குப் போய், பூனைகளின் மூளைத்தண்டில் மின்தூண்டல் கொடுத்துப் பார்த்து 1969இல் பி.எச்.டி. வாங்கினார். அடுத்த வருடமே மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஆனால் காசு? டிவியில் நிதி திரட்டித்தான் வண்டி ஓடியது. அப்பா கேம்டன் ஊரில் மருந்துக்கடைக்காரர், காது மந்தம். வாடிக்கையாளர்கள் கூச்சப்பட்டு மெல்லக் கேட்கிற மருந்தைக்கூட கடையே கேட்கும்படி சத்தமாகத் திரும்பச் சொல்ல வேண்டும். பையனுக்கு அதைப் பார்த்தே மனதில் விழுந்திருக்கும்.

சீஃப் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆராய்ச்சியிலும் கடைசியில் கைவேலைதான் சிக்கலாக வந்து நிற்கும். நத்தை மாதிரி சுருண்ட காக்ளியாவுக்குள் (உள்காதில் ஒலியை உணரும் பகுதி) மின்முனையை எப்படி நுழைப்பது என்பதில் கிளார்க் மாட்டிக்கொண்டு நின்றார். 1977இல் கடற்கரையில் ஒரு சங்கை எடுத்து புல்லைச் செருகிப் பார்த்திருக்கிறார். நுனி வளைந்து கொடுத்து அடி விறைப்பாக இருக்கிற புல் உள்ளே தூரம் போயிற்று. விடை கிடைத்துவிட்டது!

மறுப்பு_மணி:
கிளார்க்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் வில்லியம் ஹவுஸ் பிராக்டிஸை விடாமலே 1961இல் இம்பிளான்ட் வைத்துப் பார்த்தவர், அதுவும் முதலில் பல் மருத்துவம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். அன்று வைத்ததை சீக்கிரமே எடுக்க வேண்டி வந்தது. அவர் கருவியில் இருந்த ஒற்றை மின்முனையால் பேச்சு புரியாது என்று பலர் கழித்துக் கட்டினார்கள், அதுவும் பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் 1984இல் அமெரிக்க அனுமதி முதலில் வாங்கியது அந்த ஒற்றை மின்முனைக் கருவிதான்.

மேப்பிங்_அக்கா:
ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்து, கருவியைச் சரிப்படுத்துகிறவள்) பேசுகிறேன். ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிற சர்ஜன்களைத் தினமும் பார்க்கிறேன். கிளார்க் 1978 ஆகஸ்ட் 1இல் ராட் சாண்டர்ஸுக்கு கருவி வைத்தார். முதல் சோதனையில் மனுஷனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பார்த்தால் சோதனைக் கருவியில் கோளாறு! சரிசெய்து அப்போதைய தேசிய கீதத்தைப் போட்டதும், தலையில் ஒயரோடு விறைப்பாக எழுந்து நின்றாராம். அந்த அறையில் பொறியாளர் வேண்டும், ஆடியாலஜிஸ்ட் வேண்டும். தனியாக யாராலும் முடியாது தம்பி.

பழைய_ஸ்டெத்:
அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. இன்னொன்று, இப்போது ஓட்டோஃபெர்லின் (காதிலிருந்து நரம்புக்கு ஒலிச் செய்தி போகத் தேவையான புரதம்) ஜீன் சிகிச்சையில் பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் சிலருக்குக் கேட்கிறது. அந்த மருந்தையும் ரவுண்ட் விண்டோ (உள்காதுக்குள் போகும் சிறு சவ்வு வாசல்) வழியாக யாராவது கை நடுங்காமல் செலுத்தியாக வேண்டுமே.

நைட்_டியூட்டி:
சரி, நூறு மாஸ்டாய்டு கணக்கை ஆரம்பிக்கிறேன். இதுவரை நான்கு. அதில் இரண்டு அசிஸ்ட் மட்டும்.