சின்ன இன்ஜின் டைனமோமீட்டர்: எண் நிலைக்க மாட்டேன் என்கிறது

ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினைச் சோதிக்க பட்டறையிலேயே ஒரு டைனமோமீட்டர் (இன்ஜினின் முறுக்குவிசையை அளக்கும் கருவி) செய்திருக்கிறேன், பைக்கின் பழைய டிஸ்க் பிரேக்தான் லோடு, காலிப்பரோடு பூட்டிய 30 செ.மீ. கை லோடுசெல்லை (விசையை அளக்கும் சென்சார்) அழுத்தும். 2500 ஆர்பிஎம்மில் 10.3 நியூட்டன் மீட்டர் என்பது கம்பெனிக் கணக்கு, அப்படிப் பார்த்தால் மூன்றரை கிலோ காட்டணும். எனக்கோ இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே குதிக்கிறது. ஒற்றை சிலிண்டர், நொடிக்கு 21 முறை வெடிக்கிறது, லோடுசெல்லைப் படிக்கும் என் எச்எக்ஸ்711 போர்டு நொடிக்கு 10 முறைதான் படிக்கிறது, அதனாலா? 80க்கு மாற்றினால் போதுமா, இல்லை கைக்கு டாம்பர் (அதிர்வைத் தணிக்கும் அமைப்பு) வைக்கணுமா?

அப்புறம் டிஸ்க் இரண்டே நிமிடத்தில் நீலம் பூத்துவிடுகிறது (இரண்டரை கிலோவாட்டுக்கு மேல் சூடு, பாவம் அது என்ன செய்யும்). தண்ணீர் தெளித்தால் பிடிமானம் மாறிவிடும். பிரேக்குக்குப் பதிலாக ஹைட்ராலிக் கியர் பம்ப் (எண்ணெயை அழுத்தித் தள்ள வைத்து லோடு கொடுப்பது) வைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எண்ணெய்த் தொட்டி எவ்வளவு பெரிசு வைத்தீர்கள் என்று சொல்லுங்க.