பழைய பவுண்டு காசு: இதில் எது கள்ளக்காசு?

திருச்சி குமரேசன்:
வீட்டுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது பின்னால் ஒரு மூக்குப்பொடி டப்பா கிடைத்தது. உள்ளே 14 பிரிட்டிஷ் காசுகள், எல்லாம் பழைய வட்ட ஒரு பவுண்டு. 2002 முதல் 2006 வரை லண்டனில் இருந்த சித்தப்பாவுடையவை. அவர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும்தான் கேட்க வேண்டும். அதற்குள் எனக்கு இரண்டு சந்தேகம். இவை இன்னும் செல்லுமா? அப்புறம், பாலம் போட்ட ஒரு காசின் ஓரத்தில் எழுத்தே இல்லை, ஏதோ நெளிகோடுதான் இருக்கிறது. இன்னொன்றில் ஓரத்து எழுத்து தலைகீழாக ஓடுகிறது. இரண்டும் போலியோ? டிராகன் போட்ட ஒன்று மட்டும், புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி அப்படிப் பளபளக்கிறது.

கோவை சில்லறை:
பணம் மாற்றும் கடைக்கு நடையாக நடக்காதீர்கள். அங்கே நோட்டுதான் வாங்குவார்கள், காசை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

டூட்டிங் கடைக்காரன்:
தம்பி, லண்டனில் 19 வருடம் மூலைக்கடை நடத்தினவன் சொல்கிறேன். முதலில் செல்லுமா என்கிற கேள்வி. வட்டக் காசு 1983 ஏப்ரலில் வந்தது, 2017 அக்டோபர் 15-ஆம் தேதியோடு கடைகளில் செல்லாமல் போனது. இங்கே பிரிட்டனில் வங்கிக் கணக்கு உள்ள யாராவது இருந்தால் கணக்கில் போடலாம், அவ்வளவுதான்.

நீங்கள் சந்தேகப்பட்ட இரண்டும் நல்ல காசு. பாலக் காசு 2004 என்றிருக்கும், ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலம். அந்தப் பாலப் பட வரிசையில் ஓரத்தில் எழுத்துக்குப் பதிலாகக் கோட்டு வேலைதான். எழுத்து தலைகீழாக இருப்பதும் பிழை இல்லை. ஓரத்தை முதலில் அடித்துவிட்டுப் பிறகுதான் முகத்தை அடிப்பார்கள், தகடு எந்தப் பக்கம் விழுந்ததோ அப்படி. ராணி நேராக இருக்கும்படி பிடித்து, காசைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். பின்பக்கப் படமும் நேராக நிற்க வேண்டும். அது சரிந்து நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

எனக்கு இடிப்பது அந்த மினுங்கல் டிராகன். வருடமும் ஓரத்து எழுத்தும் என்ன? ஒரு லென்ஸ் வைத்து வடிவாகப் பாருங்கள்.

திருச்சி குமரேசன்:
வருடம் 2003. ஓரத்தில் "டெகஸ் எட் டுடாமென்" போல ஏதோ தெரிகிறது. எழுத்து மொழுக்கென்று, ஆழமே இல்லை.

டூட்டிங் கடைக்காரன்:
அப்போ அது கள்ளக்காசு. டிராகன் வேல்ஸ் நாட்டுச் சின்னம், வட்டப் பவுண்டில் இப்படித் தனியாக 1995-இலும் 2000-இலும் மட்டும்தான் வந்தது. அதன் ஓரத்தில் வெல்ஷ் மொழி வாசகம் இருக்க வேண்டும். 2003-இல் வந்தது அரச முத்திரை. அடித்தவன் ஒரு காசின் முகத்தையும் இன்னொன்றின் முதுகையும் ஒட்ட வைத்துவிட்டான்.

சொல்லப்போனால் உங்கள் ஓரத்தில் இருக்கும் லத்தீனுக்கு "அழகும் காவலும்" என்று பொருள். இரண்டாம் சார்ல்ஸ் காலத்தில், 1662-இல், வெள்ளிக் காசின் ஓரத்தைச் சுரண்டித் திருடுகிறவர்களைத் தடுக்க அடித்த வாசகம். காவலுக்கு வைத்த எழுத்தைக் கள்ளனே அடிக்கிறான் பாருங்கள்!

இந்தக் கள்ளக்காசால் நான் பட்டது கொஞ்சமில்லை. வங்கிக்குப் பையில் 20 குற்றி, அதாவது காசு, கட்டிக் கொடுப்போம். ஒரு பவுண்டு 9.5 கிராம், பை 190 கிராம். நிறை சரியாக இருந்தாலும் எண்ணும் இயந்திரம் இரண்டைத் துப்பும், கணக்கில் 18தான் ஏறும். தெரிந்தே அதைத் திருப்பி வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் குற்றம். லாச்சியின், அதாவது கல்லா இழுப்பறையின், மூலையில் அப்படி ஒரு குவியல் கிடந்தது. கடைசிக் காலத்தில் 30-க்கு ஒன்று போலி என்று அரசே சொன்னது. படத்தை அடிக்கடி மாற்றினால் எது சரியென்று எந்தச் சனம் ஞாபகம் வைக்கும்?

மதுரை மீனா:
அப்படியென்றால் புதிய பவுண்டை நகல் எடுக்க முடியாதா அண்ணா?

டூட்டிங் கடைக்காரன்:
முடியாதென்று யார் சொல்வது தங்கச்சி? கஷ்டம், அவ்வளவுதான். 2017 மார்ச் 28-இல் வந்தது. 12 பக்கம், 8.75 கிராம், தங்க நிற வளையத்துக்குள் வெள்ளி நிறம். கையில் உருட்டினாலே ஒரு பக்கம் வரி, அடுத்த பக்கம் மழமழ, மறுபடி வரி என்று விரலுக்குத் தெரியும். இருட்டில்கூட நான் கண்டுபிடிப்பேன். ராணியின் தலைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம், வெளிச்சத்தில் சரித்தால் பவுண்டு குறி மறைந்து 1 என்று தெரியும். விளிம்பின் உள்பக்கம் தூசு போல எழுத்து இருக்கிறது. என் கண்ணுக்கு அது வெறும் கீறல், மகன்தான் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி "ஒன் பவுண்ட்" என்று வாசித்துக் காட்டினான். இதெல்லாம் போக உலோகத்துக்குள் ஒரு மறைவான அடையாளமும் இருக்கிறதாம். அது என்னவென்று நாணயசாலை வாய் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது.

அந்த வருடம் ஆறரை மாதம் லாச்சியில் வட்டத்துக்கு ஒரு கிண்ணம், கோணத்துக்கு ஒரு கிண்ணம்.

கோவை சில்லறை:
நம் 20 ரூபாயும் 12 பக்கம்தான், 8.54 கிராம், ஓரத்தில் வரி கிடையாது. அதை விடுங்கள், 10 ரூபாய்க் காசில் 14 வடிவம் உண்டு, எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. எங்கள் தெரு டீக்கடையில் இன்னும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். உங்கள் ஊரில் கள்ளக்காசும் செல்லும், எங்கள் ஊரில் நல்ல காசும் செல்லாது.

திருச்சி குமரேசன்:
சித்தப்பா நேற்று வந்துவிட்டார். டப்பாவைப் பார்த்ததும் டிராகனைத்தான் முதலில் பொறுக்கி எடுத்தார். "ஊருக்குப் பேச போன் பூத்தில் போட்டேன்டா, நாலு தடவை கீழே தள்ளிவிட்டது. அன்றைக்கு உன் அப்பாவிடம் பேச முடியவில்லை" என்றார். மற்ற 13-ஐ லண்டன் போகும் யாரிடமாவது கொடுத்துவிடலாமாம். டிராகனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.