பழைய அம்பாசடர்: ரேடியேட்டரில் செம்மண் குழம்பு மாதிரி தண்ணீர், எப்படிக் கழுவுவது?

கோத்தகிரி_மார்க்2:
அம்பாசடர் மார்க் 2, 1489 சிசி பெட்ரோல். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் பாதி மலையிலேயே கொதிக்கிறது. பட்டறையில் இரண்டு யோசனை சொல்கிறார்கள்: தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறி, பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவு. செய்யலாமா?

துருவேட்டை:
இரண்டும் வேண்டாம் சார். அந்த ஆசிட் ரேடியேட்டரின் ஈயப் பற்றைத் தின்றுவிடும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் நம்ம குளிரில் என்ஜின் சூடேறாது. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படியும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

மலை ஓடைத் தண்ணீரில் உப்பு குறைவு. அதனால் உங்களுக்கு வந்திருப்பது உப்புப் படிவு இல்லை, பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் என்ஜின் உடல்) இரும்பு அரித்த துரு. அது கனமானது. பிளாக்கின் அடியில், குறிப்பாகப் பின்பக்கம் நாலாவது சிலிண்டரைச் சுற்றிச் சேறாக உட்காரும். ரேடியேட்டர் டேப்பை மட்டும் திறந்தால் அது அசையவே அசையாது. பிளாக்கின் பக்கவாட்டில், பின்கோடியில் இன்னொரு டேப் இருக்கும். திறந்தும் சொட்டு வரவில்லையா? டேப்பையே கழற்றி, ஓட்டையில் கம்பி விட்டுக் கிளறுங்கள்.

என்ஜின் ஆறியபின் வடித்து, வடிந்ததை வாளியில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டை இப்போதைக்கு எடுத்துவிட்டு, இரண்டு ஹோஸையும் கழற்றி, ரேடியேட்டருக்குக் கீழ்வாயில் தண்ணீர் விட்டு மேலே வரவையுங்கள். பிளாக்குக்கு மேலிருந்து விட்டு அந்த டேப் ஓட்டை வழியாக வெளியேற்றுங்கள். ஹீட்டர் இருந்தால் அதன் வால்வும் திறந்திருக்கட்டும். தெளிவாக வந்தபிறகு ஹோஸ்களை மாட்டி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து நிரப்பி, சூடாக அரை மணி ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். ஒருமுறை வெறும் தண்ணீர், அடுத்து லிட்டருக்கு 10 கிராம் ஆப்பசோடா, மறுபடி வெறும் தண்ணீர். ஆசிட்டை வடிக்காமல் சோடா போட்டால் நுரை பொங்கி வழியும்.

ஒன்று மனதில் இருக்கட்டும்: சில நேரம் ஒழுகாமல் இருப்பதே துரு அடைத்துக்கொண்டிருப்பதால்தான். கழுவியபின் வெல்ச் பிளக் (பிளாக்கின் ஓட்டைகளை அடைக்கும் தகட்டு மூடி), வாட்டர் பம்ப் ஓரம் கசிந்தால் கழுவியதைத் திட்டாதீர்கள். வண்டி சூடாக இருக்கும்போது என்ஜினை நிறுத்திவிட்டு ரேடியேட்டரைக் கையால் தடவிப் பாருங்கள். நடுவில் குளிர்ந்த பட்டை தெரிந்தால் கடையில் மேல்தொட்டியைப் பிரித்து ராடு அடிக்கத்தான் (குழாய்களில் கம்பி விட்டு அடைப்பெடுக்கத்தான்) வேண்டும்.

தலைகுந்தா_ஸ்பேனர்:
நிரப்பும்போது கவனிக்க வேண்டியது இது. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள், காற்று தானாக மேலே வரும். மேடு தேடி அலையத் தேவையில்லாத ஊர்தானே. புது 82 டிகிரி தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, திறக்கிறதா என்று பார்த்தபின் மாட்டுங்கள்.

மூடியைத் திறந்துவைத்து ஓட்டிக் காற்றெடுக்கையில் பலர் ஏமாறுவார்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். நன்றாகச் சூடேறியபின் குமிழி வந்தால் அது வெறும் கொதிப்பாக இருக்கலாம். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகிக்கலாம். 7 பிஎஸ்ஐ அழுத்தம் பிடிக்கும் ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் அதே உயரத்தில் கொதிநிலை 106 வரை போகும். ரப்பர் வெடித்த மூடியோடு மலையேறுவதும் திறந்த பாத்திரத்தோடு ஏறுவதும் ஒன்றுதான்.

வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் இங்கே உறைபனி விழும். பிளாக்கில் தண்ணீர் உறைந்தால் வெல்ச் பிளக் பிதுங்கும். அளந்த கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு எத்திலீன் கிளைக்கால் (உறையாமல் காக்கும் கூலன்ட்), மிச்சம் டிஸ்டில்ட் வாட்டர். பற்றவைத்த செம்பு ரேடியேட்டருக்குப் பழைய வகைப் பச்சை கூலன்ட்தான் நல்லது.

குன்னூர்_1100:
பத்மினி காருக்கும் இதே முறையா அண்ணே?

துருவேட்டை:
அதில் ஹெட் அலுமினியம். ஆசிட்டைப் பாதியாக்கி, 15 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். சலவை சோடா, காஸ்டிக் இரண்டும் அலுமினியத்தை அரிக்கும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள். வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்த வாளியில் வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், செத்துப்போகும். ஓடையிலும் ஊற்ற வேண்டாம்.