எஞ்சின் செய்தபிறகு ஐட்லில் நடுங்கும் கொரோலா 110

கேள்வி: 5ஏ-எஃப்இ எஞ்சின். ரிங், பெயாரிங் மாற்றி, வால்வும் கிரைண்ட் பண்ணினது. ஐட்லில் குலுங்குது, 2,000 ஆர்பிஎம்முக்கு மேலே சரியாகுது. எங்கே தொடங்கலாம் அண்ணாமார்?

பதில்: ரேஸில் சரியாகுதெண்டால் முதல்ல காற்றுக் கசிவு, தம்பி. வெக்கியூம் ஹோஸ், இன்டேக் காஸ்கெட் பாருங்கோ. பிறகு இன்ஜெக்டர் சொக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கோ. எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் பிழை.

பதில்: பிளக் வயர் வரிசை 1-3-4-2. டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) 10 டிகிரி. டயக்னோஸ்டிக் சொக்கெட்டில் டிஈ1-ஈ1 முனைகளை இணைக்காமல் டைமிங் லைட் பிடித்தால் அளவு பிழைக்கும்.

பதில்: கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) கட்டாயம் பாருங்கோ. நாலு சிலிண்டரிலும் குறைவெண்டால் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளியிருக்கலாம். ஒன்றில் மட்டுமெண்டால் ஷிம்மில் (வால்வ் இடைவெளியைச் சரிசெய்யும் தகட்டில்) சந்தேகம்: கிரைண்ட் பண்ணினால் வால்வ் மேலேறி இடைவெளி குறையும், வால்வ் முழுதாக மூடாது. இன்டேக் வால்வ் இடைவெளி குளிர் எஞ்சினில் 0.15–0.25 மில்லிமீற்றர். கொழும்பு பஞ்சிகாவத்தை பாட்ஸ் கடைகளில் பழைய ஷிம் வாங்கினால் மைக்ரோமீற்றரால் அளந்தே எடுங்கோ.