மாமாவின் குசினியும் எட்டடி மண்மேடும்

குழு: நான்காம் வரிசை உறவுகள்
வியாழக்கிழமை

மேசன் மாமா (மாலை 6.50): அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை 7 மணிக்கு எங்கள் வீட்டின் பின்புற மண்மேட்டை வெட்டி, புதுக் குசினிக்கு இடம் எடுக்கப் போகிறோம். மேடு எட்டடி உயரம் இருக்கும். நான்கு பேர் வந்தால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம். மண்வெட்டியும் அலவாங்கும் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பகல் சாப்பாடு எங்கள் வீட்டில்.

குமார் அண்ணன் (6.58): நானும் தம்பியும் வருகிறோம். எங்களிடம் பிக்காசு ஒன்று இருக்கிறது.

அருண் (7.20): மாமா, நானும் வெள்ளி இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து ஊருக்கு வருகிறேன். இன்று முழுவதும் ஒரு வகுப்பில் இருந்தேன். புதிதாகச் சேரும் கையாட்களுக்கு ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்த பிறகே வேலைத்தளத்துக்குள் விடுவது நான் சேர்ந்திருக்கும் இந்தக் கட்டடச் சைட்டின் வழக்கம். ஏணி, சாரம், மின்சாரம், பாரம் தூக்குதல், தீ என்று பலவற்றைச் சொன்னாலும், மண் வெட்டும் வேலையைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள். அதனால் ஒன்று கேட்கிறேன்: மேட்டை நேராக வெட்டப் போகிறீர்களா, சரிவாகவா?

மேசன் மாமா (7.26): நேராகத்தான், மருமகனே. சரிவாக வெட்டுவதற்கு 7 பேர்ச் காணியில் இடம் எங்கே இருக்கிறது? மேலே எல்லைக்கல்லைத் தாண்டினால் தோட்டத்துத் தேயிலை. ஒரு செடியில் கை வைத்தாலும் நாளைக்குத் துரையின் முன்னால் நான்தான் நிற்க வேண்டும். நான் 28 வருடமாக மண்ணும் கல்லும் பார்த்தவன். எங்கள் மண் இறுகிய மண். வெட்டினால் சுவர் போல நிற்கும்.

மாலதி அத்தை (7.31): அருண், உன் சைட்டில் தலைக்கவசம் இருந்தால் நான்கைந்தைக் கேட்டு வாங்கி வர முடியுமா? எனக்கு அந்த மேட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

அருண் (7.48): அத்தை, கொண்டு வர முடியும். ஆனால் இன்று காலை எங்களுக்கு முதலில் சொன்னதே தலைக்கவசம் கடைசி என்பதுதான். ஓர் ஆபத்தைக் கண்டால், அந்த வேலையைச் செய்யாமலே இருக்க வழி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதைவிட ஆபத்துக் குறைந்த முறைக்கு மாற வேண்டும். அதுவும் முடியாவிட்டால் ஆபத்துக்கும் ஆளுக்கும் இடையில் தடுப்பு வைக்க வேண்டும். பிறகு வேலை முறையையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்த வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பிறகு மிஞ்சும் ஆபத்துக்குத்தான் தலைக்கவசமும் சப்பாத்தும் கையுறையும். நாம் எப்போதும் தலைகீழாகத் தொடங்குகிறோம். கவசத்தைப் போட்டுக்கொண்டால் எதையும் செய்யலாம் என்று நினைத்துவிடுகிறோம்.

ஒரு கன மீற்றர் மண்ணின் எடை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு தொன் வரை இருக்கும். மழையில் ஊறியிருந்தால் இன்னும் கூடும். சிறிய லொறி ஒன்று மேலே விழுவதைத் தலைக்கவசம் தாங்குமா? மார்பளவு மண் மூடினாலே போதும், தலை வெளியே இருந்தாலும் மூச்சு நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் மூச்சை வெளியே விடும்போது மண் இன்னும் கொஞ்சம் இறுகிக்கொள்ளும்; அடுத்த மூச்சை இழுக்க மார்புக்கு இடம் இருக்காது.

இலண்டன் அண்ணன் (8.02): அருண் எழுதியிருப்பது சரி. இங்கே பிரித்தானியாவில் பெரிய வேலைத்தளங்களில் சாதாரணத் தொழிலாளியாக நுழைவதற்கே பச்சை அட்டை கேட்பார்கள். அதற்கு முதல் நிலைப் பாதுகாப்புப் பயிற்சியோடு, 45 நிமிடத்தில் 50 கேள்விகளுக்கு விடை சொல்லும் கணினிப் பரீட்சையும் உண்டு. முதல் தடவை எனக்கு அறிவிப்புப் பலகைகளின் நிறங்களே குழம்பிவிட்டன: சிவப்பு வட்டம் தடை, நீலம் கட்டாயம், மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை, பச்சை தப்பிக்கும் வழியும் முதலுதவியும்.

மேசன் மாமா (8.09): நிறம் பார்த்துப் பரீட்சை எழுதியவன் சாந்து குழைத்துக் காட்டட்டும், பார்ப்போம்.

இலண்டன் அண்ணன் (8.11): அதில் உங்களை வெல்ல ஒருவரும் இல்லை, சித்தப்பா. ஆனால் அந்தச் சாந்தைப் பற்றியும் அங்கே ஒரு பாடம் இருந்தது. ஈரச் சீமெந்து கடுமையான காரம் உடையது. தோலை மெல்லச் சுடும். அதில் இருக்கும் குரோமியம் சிலருக்கு ஆயுள் முழுவதும் போகாத ஒவ்வாமையைக் கொடுத்துவிடும்.

மாலதி அத்தை (8.15): இவருடைய விரல் இடுக்குகளில் வெடித்து இரத்தம் கசிவதைப் பார்த்து, இத்தனை வருடமாக மேசன் வேலை செய்தால் கை இப்படித்தான் இருக்கும் என்றே நினைத்திருந்தேன். அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுகிறார். கை மட்டுமா? சாரத்தில் மூங்கில் முறிந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது, ஆஸ்பத்திரிச் செலவையும் பஸ் காசையும் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்தக் கொந்தராத்துக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதைக் குழுவில் சொல்ல வேண்டாம் என்று இவர் சொல்வார். நான் சொல்கிறேன்.

ஆசிரியர் ஐயா (8.24): தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் இருக்கிறது, அம்மா. இருந்தும் நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ இல்லாதவர் தம் வேலையை நிரூபிக்கவே அலைய வேண்டியிருக்கிறது. அருண், நீ கையெழுத்திட்ட கடதாசிகள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்; அந்தப் பயிற்சியின் வரவுப் பட்டியலையும் சேர்த்து.

மண்மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததை நாம் எவரும் மறக்கவில்லை. ஆனால் அதையும் இதையும் ஒன்றாக்கிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. அது ஒரு மலைச்சரிவே இறங்கியது. இது ஒரு வீட்டுக்குப் பின்னால் உள்ள எட்டடி. எனினும் பதுளை, நுவரெலியா போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பிரதேச சபை கேட்பது, இத்தகைய சிறிய வெட்டுகளும் சரிவின் அடியைப் பலவீனமாக்கும் என்பதற்காகத்தான்.

மேசன் மாமா (8.31): ஐயா, அனுமதி எடுக்கப் போனால் அடுத்த தைப்பொங்கலுக்குத்தான் குசினி வரும்.

குமார் அண்ணன் (8.40): மாமா, இதை எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஆட்டுக்குப் புல் அறுக்க மேட்டின் உச்சிக்குப் போனபோது, எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பைப் பார்த்தேன். நீளம் ஆறேழு அடி இருக்கும். வெயிலில் காய்ந்து வெடித்ததாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அருண் (8.43): குமார் அண்ணா, வகுப்பில் காட்டிய படங்களில் முதலாவதே அதுதான்: விளிம்புக்கு இணையாக ஓடும் வெடிப்பு. அடுத்தவை, மேட்டின் முகம் வயிறு தள்ளுவது, புதிதாக நீர் கசிவது, மரம் சாய்வது. மழைத் தண்ணீர் அந்த வெடிப்பில் இறங்கினால் மண் பாரமாகும், பிடிப்பும் போய்விடும். இறுகிய மண் சுவர் போல நிற்கும் என்று மாமா சொன்னது உண்மைதான். ஆனால் பல வேளை, கீழே நிற்பவருக்கு இந்த அறிகுறிகள் தெரியாமலே நின்று, குனிந்து மண் அள்ளும் நேரத்தில் விழும். அமெரிக்க விதியில் 5 அடியும் அதற்கு மேலும் ஆழமான குழிக்குள், கெட்டிப் பாறையாக இருந்தாலன்றி, முட்டுக் கொடுக்காமலோ சரிவாக வெட்டாமலோ ஆள் இறங்கக் கூடாது. வெட்டிய மண்ணையும் விளிம்பிலிருந்து 2 அடியாவது தள்ளிப் போட வேண்டும். நம் மேடு குழி அல்ல, ஆனால் எட்டடி.

மாலதி அத்தை (8.47): டோர்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போகிறார்.

அருண் (8.48): அத்தை, விளிம்பில் கால் வைக்காமல், பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

மேசன் மாமா (9.26): பார்த்தேன். குமார் சொன்னதைவிட நீளமாக இருக்கிறது. ஓர் இடத்தில் என் அளவுகோல் ஒரு அடிக்கு மேல் உள்ளே போனது. இத்தனை நாளும் கீழே இருந்துதான் இந்த மேட்டைப் பார்த்திருக்கிறேன். மேலே ஏறிப் பார்க்கவில்லை. சரி, மருமகனே. வேலையையே செய்யாமல் இருக்க வழி உண்டா என்று முதலில் கேட்கச் சொன்னாய். எனக்குக் குசினி வேண்டும். அதற்கு உன் வகுப்பில் என்ன வழி?

அருண் (9.34): குசினி வேண்டாம் என்று சொல்லவில்லை, மாமா. மேட்டைத் தொடாமல் குசினி கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. வீட்டின் கிழக்குப் பக்கத்தில், பாதை வரைக்கும் எத்தனை அடி இருக்கிறது?

மேசன் மாமா (9.37): கோழிக்கூட்டை எடுத்தால் 9 அடி. எல்லைக்கு ஓர் அடி விட்டால், எட்டுக்குப் பன்னிரண்டில் நீளக் குசினியாக வரும். புகைக்கூண்டைக் காற்றுக்கு எதிர்ப்புறம் வைக்க வேண்டும். கூரைக்கு அஸ்பெஸ்டஸ் போடுவதானால், பலகை விரிக்காமல் ஒருவரையும் ஏறவிட மாட்டேன். அந்தப் பாடத்தை எனக்கு யாரும் நடத்தத் தேவையில்லை.

ஆசிரியர் ஐயா (9.45): மிக நல்ல முடிவு. வெடிப்பைப் பற்றி நாளைக் காலை நான் கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுக்கிறேன். அவர் மூலமாக ஆராய்ச்சி நிறுவன அதிகாரி வந்து பார்க்கட்டும். பக்கவாட்டில் கட்டினாலும் பிரதேச சபைக்கு விண்ணப்பம் போக வேண்டும். அதை நானே நிரப்பித் தருகிறேன். அதுவரை மழை தொடர்ந்து பெய்தால், பின்னறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். மஞ்சளோ செம்மஞ்சளோ சிவப்போ, மண்சரிவு எச்சரிக்கை வந்தால் உடனே இந்தக் குழுவில் போடுவேன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குமார் அண்ணன் (9.51): அப்படியானால் சனிக்கிழமை பிக்காசு வேண்டாமா?

மேசன் மாமா (9.58): கொண்டு வா. வெடிப்பைக் களிமண் திணித்து மூட வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்ப, தேயிலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கான் வெட்ட வேண்டும். துரையிடம் கேட்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். மழை தூறினாலும் அன்று வேலை இல்லை. அருண், தலைக்கவசம் இருக்கட்டும். நல்ல இறப்பர்க் கையுறை இரண்டு சோடி கொண்டு வா.

மாலதி அத்தை (10.03): கோழிக்கூட்டை எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லையே.