புதுப்பிப்பு: மாத்தூர் குட்டைக்கரைக் கசிவு

மாத்தூர் பக்கம் எங்கள் குடும்ப நிலத்தில் இருக்கிற குட்டையின் மண்கரை வெளிப்பக்க அடியில் நீர் கசிகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். கசிவு நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்து, அடியில் மண் படிகிறதா என்றுதான் முதலில் கவனித்தார். தெளிவாக வந்தால் அளவு கூடுகிறதா என்று கண்காணிக்கலாம், கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது, அது பெரிய ஆபத்து. எங்கள் பாட்டிலில் மெல்லிய படிவு இருந்தது.

சிலர் சொன்ன மாதிரி வெளிப்பக்கத்தைச் சிமெண்ட் வைத்து அடைக்கவில்லை. அடைத்தால் கரைக்குள் நீரழுத்தம் ஏறி வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். கசியும் இடத்தில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அப்புறம் பெரிய ஜல்லி என்று பரப்பினோம், நீர் வெளியேறும், மண் தங்கிவிடும். குட்டை நீரை மோட்டார் வைத்து மெதுவாகத்தான் இறக்கினோம், ஒரேயடியாக வடித்தால் ஊறிப்போன உள்சரிவு சரிந்துவிடும். நீர் இறங்கியதும் உள்பக்கத்தில் பெருச்சாளி வளை தெரிந்தது. அதைத் தோண்டி, களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு நன்றாக இடித்தாயிற்று.

கரைமேல் இருக்கும் வேலிக்கருவையை வெட்டினால் போதாது, விட்டுப்போன வேர் மக்கி நீருக்கு வழியாகிவிடும், வேரோடு எடுத்து மண் நிரப்ப வேண்டும். அது கோடை வேலை.

இப்போது அவசரம் கலங்கல்தான், அதாவது குட்டை நிரம்பினால் மிச்ச நீர் வெளியேறும் வழி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அங்கே அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையை எடுத்தே ஆகணும், மண்கரை மேல் நீர் வழிந்தால் எந்த ரிப்பேரும் நிற்காது, கரைக்குக் கீழே வீடுகள் இருக்கின்றன.